முடியாதுன்னு நான் சொல்லலை

உக்காருங்கம்மா, இந்தப் பக்கம் ஃபேன் காத்து வரும். டோக்கன் எத்தனை? அறுபத்தி மூணா. இப்பத்தான் நாப்பத்தொண்ணு கூப்பிட்டாங்க. அட்ரஸ் மாத்தறதுன்னா நாலாம் நம்பர் கவுன்டர். அந்தப் பொண்ணு டீ குடிக்கப் போயிருக்கு, வந்துடும். நான் டோக்கன் வாங்கலை. நான் இந்த ஆபீஸ்லயே வேலை பாக்கறவன். முப்பத்தோரு வருஷம் ஆச்சு. ரிட்டயர் ஆக இன்னும் பதினாலு மாசம் இருக்கு.

அந்தக் கதவு தெரியுதா, பித்தளைப் பிடி வச்சது? அதுக்குள்ள விசாரணை நடக்குது. என்னையும் கூப்பிட்டிருக்காங்க. குத்தவாளியா இல்லைம்மா, சாட்சியா. பத்து மணிக்கு வரச் சொன்னாங்க, நான் ஒம்பதரைக்கே வந்து உக்காந்துட்டேன். இப்ப மணி பதினொண்ணே கால். அட்டெண்டர் பரமன் ரெண்டு தடவை வந்து எட்டிப் பாத்துட்டுப் போனான். இதோ வர்றேன்னு சொல்லியனுப்பினேன். வர்றேன்னுதான் சொன்னேன். மாட்டேன்னு சொல்லலை.

கையைப் பாருங்க, எப்படி வேர்க்குது. காலையிலேர்ந்து மூணு டீ குடிச்சாச்சு. பயமா இருக்கும்மா. முன்னப்பின்னத் தெரியாத உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன வெக்கம், பயமா இருக்கு.

என் வேலை என்னன்னு சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். எங்களுது மருத்துவக் காப்பீடு, உங்களுக்கே தெரியும். கீழ் மாடியில பெரிய கம்ப்யூட்டர் ரெண்டு இருக்கு. மெயின்ஃப்ரேம்னு சொல்வாங்க. ஒவ்வொண்ணும் ரெண்டு பீரோ அளவு. நாப்பத்தாறு கிளையில இருக்கற ஸ்கிரீன் எல்லாம் அதோடதான் பேசும். அதுக்குள்ள நிறைய ப்ரோக்ராம் ஓடிக்கிட்டு இருக்கும். பாலிசிக்கு ஒண்ணு, உங்க அட்ரஸுக்கு ஒண்ணு, ஆஸ்பத்திரி அப்ரூவலுக்கு ஒண்ணு. கிளையில உக்காந்திருக்கற பொண்ணு ஒரு வார்த்தை அடிக்கும். அதுக்குப் பேரு லாகான். அது நேரா ப்ரோக்ராமுக்குப் போயிடும்னு எல்லாரும் நினைக்கறாங்க. போகாது. நடுவுல நெட்வொர்க்னு ஒண்ணு உக்காந்திருக்கு. பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல ஒருத்தர் இருப்பார் பாருங்க, கண்ணா அங்க போ, எலும்பா மாடிக்குப் போன்னு அனுப்பிக்கிட்டு. அது மாதிரி. அதைப் பாத்துக்கறதுதான் என் உத்தியோகம்.

நெட்வொர்க் கையில டேபிள்னு ஒரு பட்டியல் இருக்கும். இந்த வார்த்தை அடிச்சா இந்த ப்ரோக்ராம்னு அதுல எழுதியிருக்கும். அதைப் பாத்து, நிஜப் பேரைக் கண்டுபிடிச்சு, அந்த ப்ரோக்ராம்கிட்ட கேக்கும்: ஒரு ஆள் வந்திருக்கு, எடுத்துக்கறியா? அது சரின்னா ரெண்டு பேரையும் சேத்துவச்சுட்டு நெட்வொர்க் ஒதுங்கிடும். அது தூங்குதுன்னா, ஆளே இல்லைன்னா, திருப்பி அனுப்பிடும். ஸ்கிரீன்ல ஒரு வரி வரும், இங்கிலீஷ்ல, இணைக்க முடியாதுன்னு. மூணாவது ஒண்ணு இருக்கு. ப்ரோக்ராம் முழிச்சுத்தான் இருக்கும், ஆனா இப்ப அனுப்பாதே, வச்சிருன்னு சொல்லும். அப்ப நெட்வொர்க் வந்தவங்களை எல்லாம் வரிசையில நிக்க வச்சிரும். எப்ப அனுப்புன்னு சொல்லுதோ அப்ப வரிசைப்படி அனுப்பும்.

இதுல நான் ஒரு நல்லது பண்ணேன்ம்மா. பதினேழு வருஷத்துக்கு முன்னாடி. திருநெல்வேலியில புதுக் கிளை திறந்தாங்க. டைரக்டர் மாலையும் கழுத்துமா உக்காந்து முதல் லாகானை அடிச்சார். ஃபோட்டோ எடுக்க நாலு பேர் நிக்கறாங்க. ஸ்கிரீன்ல முடியாதுன்னு வருது. மனுஷன் முகம் செத்துப்போச்சு. அன்னிக்கு நான் நினைச்சேன், ஒருத்தரை வாசல்ல நிக்க வச்சு முடியாதுன்னு மூஞ்சியில அடிக்கறது என்ன மரியாதை? அந்த வாரமே மாத்தினேன். ப்ரோக்ராம் தூங்கினாலும் சரி, அனுப்பாதேன்னாலும் சரி, எல்லாரையும் வரிசையில சேத்துடும். அந்த முடியாதுங்கற வரியை எடுத்துட்டு, பிளீஸ் வெயிட், உங்கள் கோரிக்கை வரிசையில் இருக்கிறதுன்னு போட்டேன். எல்லாக் கிளைக்கும் சுற்றறிக்கை அனுப்பினேன்: ஸ்கிரீனை அணைக்காதீர்கள், அணைத்தால் வரிசை போய்விடும். டைரக்டர் கூப்பிட்டுக் கை குடுத்தார். ஒரு சர்டிஃபிகேட் குடுத்தாங்க, வீட்டு ஹால்ல மாட்டியிருக்கேன். முடியாதுங்கற வார்த்தையே எங்க நெட்வொர்க்ல கிடையாதுன்னு பெருமையாச் சொல்லிக்குவேன்.

என் சுபாவமே அதுதான். யாரையும் முகம் கோண வைக்க மாட்டேன். எங்க மச்சினர் மாடி போர்ஷனை வாடகைக்குக் கேட்டார். பார்க்கலாம்னு சொன்னேன். ஆறு வருஷம் கேட்டார், ஆறு வருஷமும் அதேதான் சொன்னேன், ஒரு தடவை கூட மாட்டேன்னு சொல்லலை. அப்புறம் அவரா நின்னுட்டார், இப்ப எங்க வீட்டு வாசல்படி மிதிக்கறதில்லை. ஏன்னு எனக்குத் தெரியலை. என் பையன் கேமரா படிக்கணும்னான். பார்க்கலாம்டான்னேன். அட்மிஷன் தேதி அதுவாப் போயிடுச்சு. இப்ப ஓசூர்ல டயர் கம்பெனியில இருக்கான், நல்ல வேலை. அவங்கம்மாகிட்ட மட்டும்தான் ஃபோன்ல பேசுவான். பசங்க அம்மா பக்கம் ஒட்டிக்கறது சகஜம்தானே.

சரி, விஷயத்துக்கு வர்றேன். உள்ள உக்காந்திருக்கற பொண்ணு பேரு ஷர்மிளா பானு. எனக்கு அடுத்த ஆள். திருநெல்வேலிப் பக்கம் பேட்டை. ஆறு வருஷத்துக்கு முன்னாடி வந்தப்ப மெயின்ஃப்ரேமை ஃபோட்டோவுல கூடப் பாத்ததில்லை. எல்லாம் நான் சொல்லிக்குடுத்தது. நான் சொன்னதை எல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கும். வரிசையில நிக்கறவங்க தொலைஞ்சு போக மாட்டாங்கம்மான்னு ஒரு நாள் சொன்னேன். அதையும் எழுதிக்கிச்சு.

பிப்ரவரி மாசம், செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரி அப்ரூவல் ப்ரோக்ராமைப் பழைய மெஷின்லேர்ந்து புது மெஷினுக்கு மாத்தறோம். எல்லாம் மேலிடம் ஒத்துக்கிட்ட திட்டம்தான். எட்டு மணிக்குப் பழைய ப்ரோக்ராம் இனிமே அனுப்பாதேன்னு சொல்லிடும், அது தானா நடக்கற மாதிரி வச்சாச்சு. எட்டரைக்கு டேபிள்ல ஒரு வரியை மாத்தி ஏத்தணும், அவ்வளவுதான். அப்ரூவல்னு யாராவது அடிச்சா இனிமே புதுசுக்கு அனுப்புன்னு. அந்த டேபிளை ஏத்தற அதிகாரம் என் பேருக்கு மட்டும்தான். நான் சரின்னு சொன்னா என் பேர்ல அந்தப் பொண்ணு ஏத்தும்.

எட்டரைக்கு வந்து நின்னுச்சு. சார், டேபிளை ஏத்திடட்டுமான்னு கேட்டுச்சு. நான் சொன்னேன், பார்க்கலாம்மா.

ஏன்னு கேளுங்க. ரெண்டாயிரத்து ஒம்பதுல ஒரு தடவை டேபிள் ஏத்தறப்ப எல்லா ஸ்கிரீனும் பத்து நிமிஷம் அணைஞ்சுபோச்சு. எனக்கு மெமோ குடுத்தாங்க. அந்த பயம் இன்னும் விடலை. சரின்னு சொல்ல நாக்கு வரலை. வேண்டாம்னு சொல்லலாம்னா, அந்தப் பொண்ணு மூணு வாரமா ராப்பகலா உக்காந்து தயார் பண்ணியிருக்கு, முகம் வாடிடும். அதனாலதான் பார்க்கலாம்னு சொன்னேன். அதுல என்னம்மா தப்பு?

ஒம்பது மணிக்கு எனக்கு மேல் மாடியில மீட்டிங். கேன்டீன் கமிட்டி. நான்தான் தலைவர். மெஷின் ரூம்ல செல்ஃபோன் ஆகாது, லாக்கர்ல வச்சுட்டு அப்படியே மேல போயிட்டேன். வாரத்துல மூணு நாள் பொங்கல் போடலாமா ரெண்டு நாளான்னு ஒரே சண்டை. நான் யார் பக்கமும் பேசலை. பத்து மணி இருக்கும், கண்ணாடிக் கதவுக்கு வெளியில பானு வந்து நிக்குது. மத்தவங்க எல்லாம் கதவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. என் ஒருத்தனுக்குத்தான் தெரியுது. நான் கையைக் காட்டினேன். இப்படி, உள்ளங்கையை. இரும்மான்னு. சரின்னு தலையை ஆட்டிட்டு நின்னுச்சு. இருபது நிமிஷம் நின்னுச்சு. அப்புறம் இறங்கிப் போச்சு. பதினொண்ணரைக்கு மறுபடியும் வந்துச்சு. மறுபடியும் கையைக் காட்டினேன். அவ்வளவு அவசரம்னா கதவைத் திறந்துக்கிட்டு உள்ள வந்திருக்கலாம்ல? அது வராது. நான் வளத்த பொண்ணு, இருன்னா இருக்கும்.

மீட்டிங் முடிஞ்சு, அங்கேயே பொங்கல் சாம்பிள் குடுத்தாங்க, ருசி பாத்துட்டு, ஒண்ணு இருபதுக்குக் கீழ வந்தேன். வரிசையைப் பாத்தேன். புது ப்ரோக்ராம் கதவைத் திறந்து வச்சுட்டு சும்மா உக்காந்திருக்கு, ஒரு ஆள் அதுகிட்ட வரலை. பழசு வாசல்ல இருநூத்துப் பதினோரு பேர் நிக்கறாங்க. ஒரு கிளையிலேர்ந்தாவது ஃபோன் பண்ணணுமே. பண்ணலை. ஏன் பண்ணுவாங்க? முடியாதுன்னு வந்தா பதறிக்கிட்டு ஃபோன் பண்ணுவாங்க. ஸ்கிரீன்ல பிளீஸ் வெயிட்னு மரியாதையா வருது. அணைச்சா வரிசை போயிடும்னு வேற நான் சொல்லியிருக்கேன். புதுசா சேர்ற பொண்ணுங்களுக்கு முதல் நாளே அதைத்தான் சொல்லிக்குடுக்கறாங்களாம். அத்தனை பேரும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

டேபிளை ஏத்தினேன். எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? அரை நிமிஷம். ஒரு ஸ்கிரீன் கூட அணையலை. இருநூத்துப் பதினோரு பேரும் வரிசைப்படி ஒவ்வொருத்தரா உள்ள போனாங்க.

வரிசையில முதல் ஆள் பரமக்குடிக் கிளை. ஒம்பது மணி நாலு நிமிஷத்துலேர்ந்து நின்னுக்கிட்டு இருந்துச்சு. யார் எப்ப வந்தாங்கன்னு லாக்னு ஒரு குறிப்புல எல்லாம் பதிவாகும். நான் அப்ப அதைச் சும்மா ஒரு நம்பராத்தான் பாத்தேன். சாயந்திரம்தான் தெரிஞ்சுது. அருள்தாஸ்னு ஒரு பையன், முப்பத்தி நாலு வயசு, போர்வெல் லாரி டிரைவர். இரும்புக் குழாய் உருண்டு தொடையில விழுந்திருக்கு. காலுக்கு ரத்தம் போகலை. உடனே ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். எங்க அப்ரூவல் வந்தாத்தான் தியேட்டருக்குள்ள ஏத்துவோம்னு ஆஸ்பத்திரி சொல்லிடுச்சு. ஆஸ்பத்திரிக்காரங்க நம்ம கிளைக்கு ஃபோன் மேல ஃபோன். அந்தக் கிளைப் பொண்ணு, வரிசையில இருக்கோம் சார், வரிசையில இருக்கோம் சார்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. ஒண்ணு இருபத்தி ஒண்ணுக்கு அப்ரூவல் போச்சு. அதுக்குள்ள கால் கறுத்துப்போச்சு. முட்டிக்கு மேல எடுத்துட்டாங்க.

அந்தப் பையனைப் பாக்க நான் போனேன்ம்மா. போகாம இல்லை. ஒரு ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிப் போனேன். ஆப்பிள் வாங்கிக்கிட்டு வார்டு வாசல் வரைக்கும் போனேன். அவர் சம்சாரம் கட்டில் பக்கத்துல உக்காந்து கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்துச்சு. சாப்பிட்டு முடிக்கட்டும்னு வெளியில நின்னேன். அப்புறம் பஸ்ஸுக்கு நேரம் ஆயிடுச்சு. ஆப்பிளை நர்ஸ்கிட்ட குடுத்துட்டு வந்துட்டேன்.

மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார், தணிகாசலம், அந்தப் பொண்ணு உங்ககிட்ட அனுமதி கேட்டுச்சாமே, உண்மையான்னு. நான் என்ன சொன்னேன்? யோசிச்சு சொல்றேன் சார்னேன். இல்லைன்னு சொல்லலை. அவர் ரெண்டு நாள் பாத்தார். மூணாம் நாள் பானுவை சஸ்பெண்ட் பண்ணிட்டார். டேபிளை ஏத்த அனுமதியே கேக்கலை, அஞ்சு மணி நேரம் யார்கிட்டயும் சொல்லலைன்னு குத்தச்சாட்டு. கேட்டதுக்கு எழுத்துல ஒண்ணும் இல்லை. அது கேட்டது எனக்குத் தெரியும், அதுக்குத் தெரியும். கண்ணாடிக் கதவுகிட்ட நின்னதும் எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால அது சாட்சின்னு ஒரே ஒரு பேர் எழுதிக் குடுத்துச்சு. என் பேர்.

போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்துச்சு. நான் ஜன்னல் வழியாப் பாத்துட்டேன். உள் ரூமுக்குப் போயிட்டேன். சகுந்தலா, என் சம்சாரம், என்ன சொல்லட்டும்னு கேட்டா. வந்துடுவார், உக்காரச் சொல்லுன்னேன். போகச் சொல்லலை, கவனிச்சீங்களா, உக்காரத்தான் சொன்னேன். ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்துச்சு, அந்த சர்டிஃபிகேட்டுக்கு நேரா. சகுந்தலா டீ குடுத்தா, முறுக்கு குடுத்தா. நான் கட்டில்ல உக்காந்து அது டம்ளரைக் கீழ வைக்கற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருந்தேன். என் சொந்த வீட்டுல மூச்சுக்கூட சத்தமா விடலைம்மா. கடைசியில எழுந்திரிச்சு சகுந்தலாகிட்ட சொல்லுச்சு: "அக்கா, சார்கிட்ட ஆமாவோ இல்லையோ ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. இல்லைன்னாலும் பரவாயில்லை. நான் வேற ஏதாவது வழி பாத்துக்குவேன். இப்படி உக்காந்தே இருக்க முடியலைக்கா."

அது போனப்புறம் சகுந்தலா உள்ள வந்தா. நீங்க மனுஷங்களை நிக்க வச்சே கொல்றவர்னு சொன்னா. அவளுக்கு பிரஷர் இருக்கு, ஏதாவது சொல்லிடுவா. அன்னிலேர்ந்து சோத்தைத் தட்டுல போட்டு வச்சுட்டுப் போயிடறா. நின்னு பரிமாறறதில்லை.

எனக்கு மட்டும் மனசு இல்லையா? ராத்திரி கண்ணை மூடினா அந்த லாக்தான் வருது. பரமக்குடி, ஒம்பது நாலு. பரமக்குடி, ஒம்பது நாலு. ஆமா, அந்தப் பொண்ணு கேட்டுச்சுன்னு உள்ள போய்ச் சொன்னா, அடுத்த கேள்வி என்ன வரும்? நீ என்ன பதில் சொன்னேம்பாங்க. அதுக்கு அடுத்தது, அந்த பிளீஸ் வெயிட் யார் போட்டதும்பாங்க. அதுக்கும் அடுத்தது அந்தக் கால்லதான் போய் முடியும். இல்லை, கேக்கலைன்னு சொன்னா, அந்தப் பொண்ணு எதிர்லயே உக்காந்திருக்கும், அது முகத்தைப் பாத்து எப்படிச் சொல்றது? அதுக்கு அப்பா இல்லை. சம்பளத்துலதான் தங்கச்சி படிக்குது. என்னால ரெண்டும் முடியலைம்மா. செத்துடலாம் போல இருக்கு. இந்த பெஞ்சுல உக்காந்திருக்கற வரைக்கும்தான் மூச்சு விட முடியுது.

அந்த பிளீஸ் வெயிட் வரியைக் கூட எடுத்துட்டாங்க, தெரியுமா? இப்ப பழையபடி முடியாதுன்னுதான் வருது. பாவம் அந்தக் கிளைப் பொண்ணுங்க.

இருங்க, பரமன் வர்றான்.

என்னப்பா? விசாரணை ஆபீசர் கடைசியாக் கேக்கச் சொன்னாரா? வர்றீங்களா, இல்லை வரலைன்னு எழுதிக்கலாமான்னா? எழுத வேண்டாம்ப்பா. எதுக்கு எழுதறீங்க. இதோ ரெண்டு நிமிஷம், வந்துடறேன்னு சொல்லு. இங்கதானே இருக்கேன், எங்கேயும் போகலைன்னு சொல்லு.

போயிட்டான். நீங்க என்னம்மா சொல்றீங்க? எழுந்திரிச்சு உள்ள போயிடுங்கன்னா? நீங்க சொல்றது வாஸ்தவம்தான். போகணும். முப்பது அடி கூட இருக்காது. போய், ஆமா கேட்டுச்சு, நான்தான் பார்க்கலாம்னேன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டா முடிஞ்சுது. அரை நிமிஷ வேலை. எனக்குத் தெரியாதா? பார்க்கலாம். கொஞ்சம் இந்த வேர்வை அடங்கட்டும்.

கதவு திறக்குது. பானுதான். ஃபைலைப் பைக்குள்ள வைக்குது. அதுக்குள்ள முடிஞ்சுபோச்சா? ரெண்டு நிமிஷம்னேனே. இந்தப் பக்கம்தான் பாக்குது. எழுந்திரிக்கறேன், ஒரு வார்த்தை பேசணும். இரும்மா. பானு, இரும்மா.

பாத்தீங்களா. கை தானா எழுந்துடுச்சு, உள்ளங்கை. அது கையைப் பாத்துச்சு. ஒரு நொடி நின்னுச்சு, அன்னிக்குக் கண்ணாடிக் கதவுகிட்ட நின்ன மாதிரியே. நான் நினைச்சேன், இருக்கும்னு. இறங்கிப் போயிடுச்சும்மா. அதுக்கு மேல நிக்கலை. நான் சொல்லிக்குடுத்து வளந்த பொண்ணு.

பரமன் கதவைச் சாத்தறான். உள்ள இருந்தவங்க எல்லாரும் பின்பக்கமாப் போயிட்டாங்க போல. யாரும் என்னைக் கேக்கலை. வரலைன்னு எழுதியிருப்பாங்களோ? எப்படிம்மா எழுதுவாங்க? நான் வந்து உக்காந்திருக்கேனே. நீங்களே இவ்வளவு நேரமாப் பக்கத்துல இருக்கீங்க. ஒரு தடவையாவது முடியாதுன்னு என் வாயிலேர்ந்து வந்துச்சா? யாராவது கேட்டா நீங்க சொல்லுங்கம்மா. நீங்கதான் எனக்கு சாட்சி.

எங்கம்மா எழுந்திரிக்கறீங்க? உங்க நம்பர் இன்னும் கூப்பிடவே இல்லையே.